இரும்புக் கைத்தட்டல்

செகெத் நகர நாடக அரங்கில் வியோலா வாசித்த எதெல்காவுக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். வாயெல்லாம் நீளமில்லை. முதுகுதான் வளையாது.

ஒத்திகைக்கும் நாடகத்துக்கும் நடுவில், சமையல் மேசையில் உட்கார்ந்து இசை எழுதுவாள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் வாசிக்கிற இசை மட்டும்தான். உலகப் போர் முடிந்து சில வருஷங்களில் அப்படி ஒன்றை முடித்தாள். அதன் கடைசிப் பகுதி மெதுவானது. தோன் ஆற்றங்கரைப் போர்முனையில், பனியில் செத்துப்போன கணவன் ஆகோஷுக்காக எழுதியது. ஜெயித்தவர்களின் ஆட்சியில், தோற்ற படையின் சிப்பாய்க்காக வாய்விட்டு அழவும் முடியாத காலம். அந்தப் பகுதியை ஊர் கேட்க ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

புதிதாக எது எழுதினாலும் முதலில் இசைஞர் சங்கத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் குறை சொல்வார்கள். எழுதியவர் நன்றி சொல்லிவிட்டுத் திருத்தி வர வேண்டும். தலைவர் செந்த்ரெய் ஒரு காலத்தில் நல்ல பாட்டு எழுதியவர். பதவி வந்ததும் பாட்டு போய்விட்டது.

"முடிவு ஒரே அழுகாச்சியா இருக்கே, தோழர்? ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றார்.

"என் புருஷன் வீட்டுக்கே வரல. ஜனங்க எப்படிப் போனா எனக்கென்ன?"

"வாயைக் குறைங்க. அதை எடுத்துட்டுத் துள்ளலா ஒண்ணு எழுதிட்டு வாங்க. இல்லேன்னா இது மேடை ஏறாது."

எதெல்கா தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டாள். "நன்றி, தோழர்," என்றாள்.

அவளோடு செல்லோ வாசிக்கும் பாலிந்துக்குத் தாங்கவில்லை. தெருவுக்கு வந்ததும், "என்ன எதெல்கா, பயந்துட்டியா?" என்றான்.

"துள்ளல்தானே கேக்குறான்? துள்ள வெச்சுடலாம். நீ அந்த மெதுவான பகுதியை மட்டும் மறந்துடாதே."

துள்ளலை அவள் ஏனோதானோவென்று எழுதவில்லை. கல்யாண வீட்டுக் கிழவனும் எழுந்து ஆடுகிற மாதிரி எழுதினாள். சங்கம் பூரித்துப்போய் அனுமதி கொடுத்தது.

கச்சேரியன்று அந்தத் துள்ளல் முடிந்ததும் அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் செந்த்ரெய்க்குத் தலைகால் புரியவில்லை. தான் சொல்லி வந்த முடிவாயிற்றே! ரொம்பப் பிடித்துப்போனால் அங்கே கைத்தட்டல் சிதறாது, எல்லாக் கைகளும் ஒரே தாளத்தில் சம்மட்டி மாதிரி விழும். இரும்புக் கைத்தட்டல் என்பார்கள். அது கிளம்பிவிட்டால் இன்னொன்று வாசிக்காமல் யாரும் மேடையை விட்டு இறங்க முடியாது. அந்த இன்னொன்றுக்குச் சங்கத்தில் அனுமதி கேட்கும் வழக்கமும் கிடையாது. அன்று தாளத்தை முதலில் பிடித்தவர் செந்த்ரெய்.

எதெல்கா வில்லைத் தூக்கினாள். நாலு பேரும் ஆகோஷின் பகுதியைத் தொடங்கினார்கள்.

செந்த்ரெயின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. பிறகு இன்னொன்று. தோன் கரையில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் எல்லா வரிசையிலும் இருந்தார்கள். கடைசியில் வியோலா மட்டும் தனியாக ஒலித்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. எழுந்து நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் செந்த்ரெய் பாய்ந்து வந்தார். "இதுக்கு யாரு அனுமதி குடுத்தது?"

"நீங்கதான், தோழர். முதல்ல தட்டினது உங்க கைதானே?"

"உங்களைச் சங்கத்தை விட்டே தூக்கிடுவேன். இனிமே நீங்க எழுதுற எதுவும் மேடை ஏறாது!"

எதெல்கா வியோலாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"தூக்கிக்குங்க. ஆகோஷுக்கு வாசிச்சாச்சு."