அண்ணன் பாட வேண்டிய பாட்டு

வடக்குப்பட்டில் அப்போது என் அண்ணனைப் பெயர் சொல்லி யாரும் விசாரிக்கமாட்டார்கள். ‘பாடுற பையன்’ என்றால் போதும், எங்கள் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் அவன் பாட ஆரம்பித்தால், வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கும் ஆண்கள்கூட உள்ளே வந்து நிற்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு நேரே கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள், அவன் பாட்டுக்கு மட்டும் கண்ணைத் திறப்பார்கள். அப்படிப் பாடுகிறவன் என் கூடப் பிறந்தவன் என்பதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பூசை முடிந்ததும் அவனுக்கு வரவேண்டிய பாராட்டுகளை வாசலில் நின்று நான்தான் வாங்கிக்கொள்வேன்.

அவன் ஒன்பதாவது, நான் ஆறாவது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் கிடையாது. கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரே குற்றத்துக்காகக் கணக்கு சார் தலையில் அந்த வேலையைக் கட்டியிருந்தார்கள். அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு, மழையில் ஏரி நிரம்புவதைப் பற்றி அவரே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டார். அண்ணன் தனியாகப் பாட வேண்டும். நாங்கள் ஒரு கூட்டம் பின்னால் நின்று அவன் பாடிய அடிகளைத் திருப்பிப் பாட வேண்டும். அவன் தங்கை என்பதைத் தவிர அந்தக் கூட்டத்தில் இருக்க எனக்கு வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பாட்டின் முடிவில் ஏரி தளும்புகிற இடம் வரும். அங்கே மெட்டு படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய் நிற்கும். சைக்கிள் ஷெட்டில்தான் ஒத்திகை. ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் நாங்கள் நிறுத்திவிடுவோம். அண்ணன் நிறுத்தமாட்டான். லாரிச் சத்தத்துக்கு மேலே அவன் குரல் தனியாகக் கேட்கும். கணக்கு சார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால், அந்த உச்சியில் அண்ணனின் குரல் திடீரென்று கிறீச்சிட்டு, மறு நொடியே தகர டப்பாவை உருட்டினாற்போல் கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். மறுபடி பாடினான். மறுபடியும் விழுந்தது. அப்போது அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஐஸ் துன்னுக்கினே இருந்தா தொண்ட இன்னாத்துக்கு ஆவும்?”

மிளகுப் பால் வந்தது. சித்தரத்தை வந்தது. உப்புத் தண்ணீர் வந்தது. அண்ணன் எதையும் மறுக்காமல் குடித்தான், கொப்பளித்தான், குழந்தை இயேசு படத்தின் முன்னால் முழங்காலிட்டும் பார்த்தான். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா மட்டும் அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு, “வுடுமே, அவனுக்கு ஒண்ணும் இல்ல. வயசு அப்படி” என்று அம்மாவிடம் சொல்லி லேசாகச் சிரித்தார். மகனுக்குத் தொண்டை போய்விட்டது, தகப்பன் சிரிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வயதில் பையன்களுக்குக் குரல் உடையும், அதற்கு மகரக்கட்டு என்று ஒரு பெயரே உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

கணக்கு சார் சுருதியை இறக்கிப் பார்த்தார். சில நேரம் ஒழுங்காக வந்தது. சில நேரம் எச்சரிக்கையே இல்லாமல் உடைந்தது. “வேணாம்னா வுட்டுர்லாம்டா” என்றார். அண்ணன், “பாடுறேன் சார்” என்றான். அப்பா விழாவுக்காகவே ஷிப்ட் மாற்றி வைத்திருந்தார். ஊரே அவனைக் கேட்கத்தான் வரப்போகிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

விழா மாலையில் மைதானம் நிறைந்திருந்தது. பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தந்த கம்பெனியின் அதிகாரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும். அண்ணன் தொடங்கினான். முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் நின்ற எனக்கு உயிர் வந்தது. மிளகுப் பால் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

மெட்டு ஏறத் தொடங்கிய இடத்தில் குரல் உடைந்தது. ஒலிபெருக்கியில் அது இன்னும் கோரமாகக் கேட்டது. மைதானத்தின் கடைசியிலிருந்து பெரிய வகுப்புப் பையன்கள் ஊளையிட்டார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கணக்கு சார் என்ன செய்வதென்று தெரியாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

மேடையை விட்டு ஓடிவிடுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அவன் திரும்பி, நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்தான்.

“வா, நீ பாடு.”

“எனக்கு வராதுண்ணா.”

“வூட்ல பாத்திரம் கழுவசொல்லோ பாடுறியே, அதான். பயப்படாத, நான் கூடத்தான் கீறேன்.”

மைக் என் நெற்றிக்கு மேலே இருந்தது. ஸ்டாண்டின் திருகு அசையவில்லை. அண்ணன் மைக்கைக் கழற்றினான். அதை என்னிடம் தரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டான். இப்போது அவன் முகம் எனக்குக் கீழே இருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே பாடினேன். மெட்டு ஏற ஏற அவன் புருவமும் ஏறியது. உச்சிக்குப் போய் நின்றபோது என் குரலுக்கு அடியில், தரையிலிருந்து வருவதுபோல் கனமாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது. அது அவனுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

ஊளையிட்டவர்களே கடைசியில் விசிலடித்தார்கள். பாட்டுக்கான பரிசுக் கோப்பையை அதிகாரி என் கையில் கொடுத்தார். கீழே இறங்கியதும் அதை அண்ணனிடம் நீட்டினேன்.

“இது உன்னோடது. உனக்குத் தொண்ட சரியாகிற வரைக்கும்தான் நான் பாடுவேன். அப்புறம் நீதான்.”

அவன் “சரி” என்றான். கோப்பையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைப் பாடச் சொன்னார்கள். பாட்டுக்குழுவோடு வந்து நிற்பான் என்று அண்ணனைத் தேடினேன். அவன் ஆண்கள் பக்கத்தில், பெரியவர்களுக்கு நடுவே, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இங்கே வா என்று கையசைத்தேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, பாடு என்று கண்ணால் சொன்னான். தொண்டை ஆற இன்னும் சில நாட்கள் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எந்த நேரமும் எழுந்து வருவான் என்று, மைக்குக்கு நேரே அவனுக்கு இடம் விட்டு, ஓரமாகத் தள்ளி நின்றே பாடினேன்.