கிராணியிடம் தோற்கும் வித்தை

எங்கள் தோட்டத்தில் போக்கர் ஆடியவர்கள் எல்லாரும் தோற்பதற்குத்தான் பாடுபட்டார்கள். இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சீட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன்.

ஜப்பான்காரன் காலம். தோட்டம் சிரம்பானுக்கும் லுக்குட்டுக்கும் நடுவில் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, மரம் சீவுவது நின்றுபோய் மேட்டுக்காட்டில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். அதைத்தான் காலையிலும் தின்றோம், ராத்திரியும் தின்றோம். பசியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். லோரியைத்தான் தாங்க முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று அவ்வப்போது லோரி வரும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆம்பிளைகள் வரிசையாக நிற்க, ஆபிசில் கணக்கு எழுதுகிற கிராணி யாரைக் கை காட்டுகிறாரோ அவர் ஏற வேண்டும். ஏறியவர்களில் ஒருத்தரும் அதுவரை திரும்பி வரவில்லை.

துரை போன பிறகு தோட்டத்துக்குக் கிராணிதான் எல்லாம். துரையின் நாற்காலி, துரையின் சைக்கிள் எல்லாம் அவருக்கு வந்தன. ஆனால் அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது துரைமார் கிளப்புக்குத்தான். அத்தனை வருஷம் கணக்கு எழுதியும் அந்தப் படியில் அவரை ஏறவிட்டதில்லை. இப்போது கிளப் காலியாகக் கிடந்தது. பச்சைத் துணி விரித்த மேசையும் இருந்தது, சீட்டுக் கட்டும் இருந்தது. துரைமார் ஆடின ஆட்டத்தைத் தானும் ஆட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த ஆட்டம் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். கிளப்பில் கிளாஸ் கழுவி, தட்டு ஏந்தி, துரைமார் தோளுக்குப் பின்னால் நின்றே போக்கரைக் கற்றுக்கொண்டவர். கிராணி அவரைக் கூப்பிட்டனுப்பினார். கூட ஆட, கூலிகளை வேலை வாங்குகிற மண்டோரும் எங்கள் பக்கத்து வீட்டு லோரி டிரைவரும் சேர்ந்தார்கள். ஓட்டுவதற்கு லோரி இல்லாத டிரைவர் அவர். ஆளுக்கு ஐந்து சீட்டு. பந்தயத்துக்கு ரப்பர் கொட்டை. ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் முட்டையோ நிலக்கடலையோ கிராணி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் கோழிகள் இட்டதெல்லாம் அந்த வீட்டுக்குத்தான் போனது.

முதலில் மண்டோருக்குப் பதிலாக வேறொருவர் ஆடிக்கொண்டிருந்தார், புல்லு வெட்டுகிற ஆள். கை ராசிக்காரர். ஒரே மத்தியானத்தில் கிராணியை வரிசையாக ஜெயித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த லோரியில் அவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். சீட்டுக்காகத்தான் அனுப்பினார் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்தில் அதை நம்பாதவர் ஒருத்தரும் இல்லை.

சரி, தோற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் லேசில்லை. லோரி டிரைவர் ஒரு நாள் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே தோற்றதாக ஒப்புக்கொண்டு கவிழ்த்துவிட்டார். கிராணி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தார்.

“எனக்கென்ன பிச்சை போடறியா? ஒழுங்கா ஆடறதுன்னா ஆடு லா, இல்லாட்டி எழுந்து போ!”

ஆக, தோற்கவும் வேண்டும், தோற்பது தெரியவும் கூடாது. என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் புரண்டார். போக்கரில் கையில் ஒன்றுமில்லாமலே பெரிதாகப் பந்தயம் ஏற்றி மற்றவரை மிரட்டலாம். கிராணி அப்படிப் பொய்யாக மிரட்டும்போது இவர் பயந்து சீட்டைக் கவிழ்க்க வேண்டும். அவரிடம் நிஜமாகவே நல்ல சீட்டு இருக்கும்போது, இவர் நம்பாதவர் மாதிரி எதிர்த்துக் கட்டித் தோற்க வேண்டும். எது பொய், எது நிஜம் என்று தெரிந்தால்தான் இது நடக்கும். அதற்கு ஆளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேதான் இடித்தது. கிராணியை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. அவர் எதிரில் வந்தால் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசுவோம். ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல்தான் ஆடினார்கள்.

“நான் பாக்கட்டுமா?” என்று கேட்டேன்.

துரைமாருக்கு ஆட்டத்தின் நடுவே குடிக்க வரும் இல்லையா, அதனால் கிராணிக்கும் வர வேண்டும். வறுத்த சோளத்தை இடித்துக் காப்பி என்று பேர் வைத்து நான்தான் கலந்து கொடுத்தேன். சமையல்கட்டு வாசலில் நின்றால் அவரைப் பக்கவாட்டில் முழுசாகப் பார்க்கலாம், மேசைக்குக் கீழேயும் தெரியும். காப்பி கொடுக்கிற பொம்பிளையை யார் கவனிக்கப்போகிறார்கள்?

பார்க்கப் பார்க்க அந்த மனுஷன் எனக்குத் திறந்த பெட்டியாகிப் போனார். நல்ல சீட்டு வந்தால் ஒரே தடவை பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிடுவார், மறுபடி தொடமாட்டார். என்னையும் அன்பாக “காப்பி கொண்டாம்மா” என்பார். சீட்டு மோசமென்றால் மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பார், பார்த்தால் மாறிவிடும் என்பது போல. பொய்யாக மிரட்டும்போது வலது கால் செருப்பிலிருந்து தானாக வெளியே வந்து கட்டைவிரல் தரையைச் சுரண்டும். அதோடு ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் வரும். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். வீட்டுக்கு வந்ததும் மறந்துபோவதற்குள் அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகையில் கரித்துண்டால் எழுதிவைப்பேன். “செருப்பு கழன்றால் பொய்.” “காப்பி கேட்டால் நிஜம்.” பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொல்வார். ஆட்டத்தின்போது அவர் காப்பி டம்ளரை நீட்டுவார். நான் வலது கையால் வாங்கினால் நிஜம், இடது கையால் வாங்கினால் பொய். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

அழகாகத் தோற்றார் என் வீட்டுக்காரர். லோரி இரண்டு தடவை வந்து போனது. கிராணியின் கை அவர் பக்கம் திரும்பவே இல்லை. பெரட்டிலிருந்து அவர் திரும்பி வருகிற வரைக்கும் நான் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். வந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

லயத்து வீடு கட்டினவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வீட்டுக்கு வீடு நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் பாதி உயரம்தான். மேலே கூரை வரைக்கும் திறந்து கிடக்கும். இந்த வீட்டில் கடுகு தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே வாழ்ந்ததில் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. நான் வாசித்ததை எல்லாம் பக்கத்து வீட்டு டிரைவரும் சேர்ந்து பாடம் படித்திருக்கிறார். மண்டோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாவம், அவர்கள் உயிரும் உயிர்தானே. கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மேசையில் நடந்ததைப் பார்த்தபோது, மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று தெரிந்தது. கிராணியின் கால் செருப்பை விட்டு வந்தால் மூன்று பேரும் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். அவர் காப்பி கேட்டால் மூன்று பேரும் ஒன்றாகக் கட்டினார்கள். நான் டம்ளர் வாங்குகிற கையை ஆறு கண்கள் பார்த்தன.

கிராணி முட்டாள் இல்லை. ஒரு மத்தியானம் அவருக்கு வந்த சீட்டை எடுத்துப் பார்க்காமலே, கவிழ்த்தபடி வைத்து, முன்னாலிருந்த கொட்டைகள் அத்தனையையும் மேசை நடுவில் தள்ளினார். அவருக்கே தெரியாத சீட்டு. முகத்தில் ஒன்றும் வரவில்லை, காலும் செருப்பில் சும்மா இருந்தது. என் வீட்டுக்காரர் டம்ளரை நீட்டினார். எந்தக் கையால் வாங்குவது? இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். மூன்று ஆம்பிளைகளும் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார்கள். கிராணி அவர்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

மற்ற இருவரையும் போகச் சொன்னார். தொலைந்தோம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து கைகூப்பி, “ஐயா, அவ ஒண்ணும் தெரியாதவ, நான்தான் சொல்லி...” என்று குழறினார். கிராணி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. அதில் கோபத்தைத் தேடினேன், பயம்தான் இருந்தது.

“என் மூஞ்சியில அவ்வளவு தெரியுதா?” என்று கேட்டார்.

நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

“சொல்லும்மா. நான் பொய் சொன்னா தெரியுதா?”

“தெரியுதுங்க ஐயா.”

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மாசத்துக்கு ஒருமுறை சிரம்பானிலிருந்து ஜப்பான் ஆபிசர் காரில் வந்து, எத்தனை ஆள் தேறும் என்று கேட்பான். கிராணி பாதிப் பேர் காய்ச்சலில் கிடப்பதாகவும், சிலர் ஓடிப்போனதாகவும் பொய் சொல்லிவந்திருக்கிறார். கேட்கிற ஆட்களில் கொஞ்சம் பேரைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கிறவன் பேசி முடிக்கிற வரைக்கும் ஆபிசர் கண்கொட்டாமல் இவர் முகத்தையே பார்ப்பானாம்.

“உங்களுக்கே தெரியுதுன்னா அவனுக்குத் தெரியாதா? என்னைக்காச்சும் ஒரு நாள் என் தலையை எடுத்துருவான் லா. அப்புறம் லயத்துல ஒரு ஆம்பிளை மிஞ்சமாட்டான்.”

அந்த ஆளை நான் அதுவரை கரித்துக்கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன். அவருடைய பொய்யில்தான் நாங்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தோம். அந்தப் பொய் பலித்தால்தான் என் புருஷன் எனக்கு.

அன்றிலிருந்து சீட்டாட்டம் நின்றது, பாடம் தொடங்கியது. மத்தியானத்தில் நான் ஆபிசர் மாதிரி துரை நாற்காலியில் விறைப்பாக உட்காருவேன். கிராணி எதிரில் நின்று, “ஆள் இல்லை, எல்லாருக்கும் காய்ச்சல்” என்பார். நான் சொல்வேன், “ஐயா, கால்.” மறுபடி சொல்வார். “ஐயா, எச்சில் முழுங்குறீங்க.” காலுக்குத் துரை விட்டுப்போன கயிறு கட்டுகிற சப்பாத்தை மாட்டவைத்தோம். பெரிய சப்பாத்து, துணி திணித்து நடந்தார். கைக்குத் தொப்பியைக் கொடுத்தோம். கண் இமைப்பது பெரிய பாடாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டு, “இப்ப பரவால்லீங்க ஐயா” என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாற்காலிக் கூத்தில் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வோம்.

ஒரு நாள் அவர் சொல்லி முடித்தபோது என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டுமென்றே நாலு விஷயம் சொல்லச் சொன்னேன், இரண்டு நிஜம், இரண்டு பொய். எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து பலகையைக் கழுவிவிட்டேன், இனி அது எதற்கு?

ஆபிசர் அந்த வாரமே வந்தான். ஆபிஸ் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். கார் போன பிறகு கிராணி வெளியே வந்து படியில் நின்றார். எங்களிடம் ஒரு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் என் சித்தப்பா இருந்தார். ஆபத்தென்றால் அன்றைக்கே காட்டு வழியாக என் வீட்டுக்காரரை அங்கே அனுப்பிவிடுவதாகப் பேசிவைத்திருந்தோம். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஐயா, என்ன சொன்னான்? எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும்...?”

“ஒண்ணுமில்லம்மா. நம்பிட்டான். போய் நிம்மதியா தூங்குங்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். கால், கை, தொண்டை என்று எல்லா இடமும் பார்த்தேன். எதிலும் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து, “நம்பிட்டானாம்ங்க” என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்த்து வேட்டியைக் கொடியில் போட்டார். பல மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் அசந்து தூங்கினோம்.

காலைப் பெரட்டுக்கு லோரி வந்தது. ஒன்றல்ல, வரிசையாக வந்தன. சிப்பாய்கள் லயத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கிராணி கை காட்டினார். டிரைவர், மண்டோர், என் வீட்டுக்காரர், அத்தனை பேரும். என் புருஷனைக் காட்டும்போதும் அவர் முகத்தில் ஒரு அசைவில்லை. இவர் லோரியில் ஏறி என்னைத் தேடினார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் லோரியின் பின்பக்கப் பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் வந்தபோது ஒவ்வொரு லோரியாகப் போய்ப் பார்த்தேன்.

ரொம்ப காலம் கழித்து, சிரம்பான் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் கிராணி இருந்தார். வயசாகிப்போயிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அன்னைக்கு என்னைத் தூங்கச் சொன்னீங்களே ஐயா. லோரி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சத்தியமா தெரியாதும்மா. அவன் நம்பிட்டான்னுதான் நானும் நினைச்சேன்.”

நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட அவர் மறந்திருக்கவில்லை.