ஒன்றரைக் கட்டையிலிருந்து இரண்டுக்கு

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் நிற்கும் இடம் அதுதான்: டிரம்ஸுக்கு இடப்பக்கம், பாடகர்களுக்கு இரண்டடி பின்னால். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வாசித்திருக்கிறேன். எந்த மண்டபத்தில் எந்த பிளக் பாயின்ட் ஷாக் அடிக்கும் என்பதுவரை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஆவணியில் அந்த இடத்துக்கே ஆபத்து வந்தது. குழுவில் புதிதாகக் கீபோர்டு வாசிக்க ஒரு பெண் சேர்ந்திருந்தார். பேஸ் பகுதியையும் இடது கையாலேயே வாசித்துவிடுவார், நன்றாகவே வாசித்தார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஐந்தேகாலுக்கு நான் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது குழுத் தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தப்பா எடுத்துக்காதபா. இன்னைக்கு மொத ஆறு பாட்டு நீ வாசி. அப்புறம் அந்தப் பொண்ணு லெஃப்ட் ஹேண்டுல போடட்டும். வித்தியாசம் தெரியலன்னா...”

“தெரியலன்னா?”

“நீயே புரிஞ்சுக்கோ.”

ஆறு பாட்டையும் பிசிறில்லாமல் வாசித்தேன். பிறகு கிட்டாரின் ஒலியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, தோளில் மாட்டியபடியே நின்றேன். ஏழாவது பாட்டு, எட்டாவது பாட்டு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பந்திக்குப் போகிறவர்கள் போனார்கள். செல்ஃபி எடுக்கிறவர்கள் எடுத்தார்கள். எனக்கு வயது ஐம்பத்தொன்று. வேறு தொழில் தெரியாது.

அப்போது மணப்பெண்ணின் அப்பா மேடையேறினார். பட்டு நெசவாளர். மகள் கல்யாணத்தில் ஒரு பாட்டாவது பாடியே தீருவேன் என்று மைக்கை வாங்கிக்கொண்டார். கீழேயிருந்து அவருடைய மைத்துனர் குரல் கொடுத்தார்.

“மாமா, தறியில போடற பாவுன்னு நெனச்சு இழுத்துக்கினே போவாத. சோறு ஆறிடும்.”

“நீ போய் துன்னு. உன்னை யாரு கேக்கச் சொன்னது?” மைக்கிலேயே பதில் வந்தது.

சுருதி கேட்காமல் எடுத்த எடுப்பிலேயே தொடங்கிவிட்டார். அந்தப் பாட்டை நாங்கள் வாசிப்பது நான்கு கட்டையில். அவர் எடுத்தது ஒன்றரைக் கட்டை. கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். கீபோர்டுக்காரரின் இரண்டு கைகளுமே சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தன. நாலைந்து இடத்தில் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். டிரம்ஸ் மட்டும் ஓடியது. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரையும் கேட்காமல் ஒலியைத் திறந்தேன். மூன்றாம் தந்தி, கிட்டார் கழுத்தில் நான்காவது கட்டமான ஃப்ரெட். சுருதி கிடைத்ததும் பாடுகிறவரின் குரல் நிமிர்ந்தது. பேஸை நான் பிடித்துக்கொண்டதால் கீபோர்டுக்காரரின் இடது கைக்கு வேலையில்லை. எந்தச் சுருதி என்பதும் தெரிந்துவிட்டதால் அந்தக் கையால் பொத்தானை அழுத்தினார். அடுத்த வரிக்குள் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

தாளத்தில் நெசவாளர் மயிரிழைகூடப் பிசகவில்லை; நாளெல்லாம் தறி மிதிக்கிற கால். சுருதிதான் ஏறிக்கொண்டே போனது. சரணத்தில் இரண்டு கட்டைக்கு வந்துவிட்டார். நான் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு விரலை நகர்த்தினேன். என் விரலைப் பார்த்துக் கீபோர்டும் ஏறியது. கேட்டவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்த ஏற்றம்போல இருந்திருக்க வேண்டும். மண்டபம் முழுக்கக் கைதட்டல். பந்தியிலிருந்து சிலர் எச்சில் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாடி முடித்தவர் நேராகக் கீபோர்டுக்காரரிடம் போனார்.

“சூப்பரா வாசிச்சம்மா.”

“நான் எங்க வாசிச்சேன்? அந்த அண்ணா பின்னாடியே ஓடிக்கினு இருந்தேன்” என்று என்னைக் கைகாட்டினார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். “சார், இந்த லெஃப்ட் ஹேண்டு வேலை எனக்கு வேணாம். அண்ணாவே வாசிக்கட்டும்.”

தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற? அடுத்த பாட்டு நாலு கட்டை.”

மீதம் பதினோரு பாட்டு. பதினொன்றுக்கும் நான்தான் பேஸ். ஒலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே வைத்திருந்தேன்.