அப்பாவுக்குச் சீனி குறைந்த நாள்

ரப்பர் பால் கையில் காய்ந்துவிட்டால் தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். உரித்தெடுக்கும்போது பொடிமயிரும் சேர்ந்து வரும். புளித்த வாடையொன்று விரல்களிலேயே தங்கிவிடும். தெஹியோவிட்ட டவுனுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். மத்தியானம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து முழங்கை வரை படிந்திருந்த "ஒட்டுப்பாலை" நிதானமாக உரிப்பார். நான் தரம் பத்தில் படித்த வருடம், பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியில் எங்கள் கன்னத்தின் உட்புறத்தை ஐஸ்கிறீம் குச்சியால் சுரண்டி வைத்துப் பார்த்தோம். அன்று அப்பாவின் கையைப் பிடித்து, "இதுக்குப் பேரு மேலணி இழையம்பா, உள்ளுக்குத் தசை இழையம், நரம்பிழையம் எல்லாம் இருக்கு" என்று சொன்னேன். அவர் அந்த மூன்று பெயர்களையும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவு பெருமையை அவர் என்மேல் வைத்திருந்த காலத்தில், நான் அவரைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பா முன்பு குடிப்பார். நான் ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய நாளில் தள்ளாடியபடி வந்து, மண்டபத்தின் நடுவில் நின்று கைதட்டினார், பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு "சீனி" வியாதி வந்து, டாக்டர் கண்டித்துச் சொன்னதும் ஒரே நாளில் விட்டுவிட்டார். மூன்று வருடமாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனாலும் என் மனதில் அவர் அந்த மண்டபத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒருசீர்த்திடநிலை என்ற அலகை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வெளியே வெயிலோ மழையோ, நாம் தின்றோமோ பட்டினி கிடந்தோமோ, உடம்பு தன் உள்ளேயுள்ள சூட்டையும் நீரையும் சீனியையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளப் படும் பாடுதான் அந்தப் பாடம். நரம்பிழையத்துக்குச் சீனியைச் சேர்த்து வைக்கத் தெரியாது, அதனால் குருதியில் சீனி இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளைதான் என்று ஆசிரியை சொன்னதை ஓரத்தில் குறித்து, சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருந்தேன். அப்பா கிளினிக் கார்டோடு வந்து நின்றார். சிங்களம் சரளமாகப் பேசுவார், ஆனால் எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

"நாளைக்கு ரத்தம் எடுக்குறாங்க, சாப்புடாம வரச் சொன்னாங்க. மாத்திரைய போடணுமா வேணாமான்னு இதுல எழுதியிருக்கான்னு பாரு புள்ள."

நான் தலை நிமிரவில்லை. "போடுங்கப்பா, மாத்திரைய எப்பவும் போடத்தானே வேணும்" என்றேன். அவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வினாத்தாளில் அதே கேள்வி வந்தது. சதையி, ஈரல், இன்சுலின் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். குளுக்கோசு மட்டம் அளவுக்கு மீறிக் குறைந்தால் வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், தள்ளாட்டம் உண்டாகும் என்று கேட்காததையும் சேர்த்து எழுதிவிட்டு, சந்தோஷமாக வெளியே வந்தேன்.

டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள் சுகந்தியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்கே மதகுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். சட்டை முதுகோடு நனைந்திருந்தது. ஒரு கை மின்கம்பத்தைப் பிடித்திருக்க, கால்கள் பின்னிக்கொண்டன. யாரிடமோ ஏதோ சொல்ல முயன்றார், சொல் குழறியது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "ஹொந்தட்டம பீலா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நல்லாக் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு முகம் கொதித்தது.

"அது ஒங்கப்பா தானே?" என்று சுகந்தி கேட்டாள்.

"இல்ல. வேற யாரோ" என்றேன்.

அப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியது. கையைக் கொஞ்சம் தூக்கினார். புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸில் நான் ஏறி, மறுபக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். பஸ் புறப்படும்போது அவர் மதகில் சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுதி முடித்து ஒரு மணித்தியாலமும் ஆகியிருக்கவில்லை. பரீட்சைத் தாளில் இருந்தது என் கண்முன்னால் நின்றபோது எனக்குச் சாராயம் மட்டுமே ஞாபகத்துக்கு வந்தது.

நான் வீட்டுக்கு வந்து வெகு நேரத்துக்குப் பிறகு லயத்துக்குக் கீழே ஒரு திரீவீல் வந்து நின்றது. அதன் டிரைவர், ஒரு சிங்கள மனிதர், அப்பாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக்கொண்டு வந்தார். அம்மா பதறி ஓடினாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"பயப்புட வேணா அக்கா. குடிச்சது இல்ல. நா வாய் மோந்து பாத்தது, சாராய மணம் இல்ல. எங்க அம்மாவுக்கும் சீனி, இதே மாதிரி வரும். கடையில சீனி போட்ட பிளேன்டீ ரெண்டு குடுத்தது, இப்ப சரி."

பிறகு போகிற போக்கில், "ஆளுங்க, ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் பாத்துட்டு போச்சு. ஒருத்தரும் கிட்ட வர இல்ல" என்றார். நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்த டிரைவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கவில்லை.

"ரத்தம் குடுத்த கையோட எதையாச்சும் சாப்புட்டு இருக்கலாமே?" என்று அம்மா கேட்டாள்.

"புள்ளைக்கு பரீட்ச முடியிற நேரம். ரெண்டு பேருமா சேந்து ரொட்டி சாப்புடலாம்னு நின்னேன்" என்றார் அப்பா.

அவர் தூங்கியபின் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தேன். வியர்வையில் ஊறியிருந்தாலும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. இரத்தம் எடுக்கும் வரை மாத்திரை போட வேண்டாம் என்று சிங்களத்தில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார்கள். வாசிக்க எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. யாரிடமும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டேன். அந்தத் தவணை விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். அப்பா விடைத்தாளை வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் போல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

எனக்குக் கல்யாணமாகி, அவிசாவளையில் குடியிருந்தபோது ஒருநாள், இருபது வருடம் தொண்டைக்குள் கிடந்ததை அவரிடம் சொன்னேன். கார்டை வாசிக்காததையும், "வேற யாரோ" என்றதையும், இரண்டையுமே சொன்னேன். அப்பாவுக்கு அப்போது ஒரு கண் அநேகமாகத் தெரியாது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீ ஏறுனத பாத்தேன் புள்ள. மத்தது எல்லாம் மங்கலா இருந்திச்சு, ஒன் ரெட்டச் சடை மட்டும் தெரிஞ்சிச்சு. ஒனக்கு சீட்டு கெடச்சிச்சேன்னு நெனச்சேன்."

பிறகு, டீ போட்டியா என்று கேட்டார்.

அவர் போய் மூன்று வருடமாகிறது. அவர் பால் வெட்டிய மலையில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்ப்பனை நிற்கிறது. எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டும் உருமாறிவிட்டது. அந்த மதகு எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. அந்த டிரைவரின் பெயரை நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. என்னைக் கோபித்துக்கொள்ள உரிமை இருந்த ஒரே மனிதர் அப்பாதான். அவர் கோபித்துக்கொள்ளாமலே போய்விட்டார்.