விரிசலைப் பார்த்து அழுதேன்

போன வருடம் ஆடி மாதம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று ஆளையே தூக்கிக்கொண்டிருந்த ஒரு காலை. இரணியலில் இருந்து மகள் வழக்கமாகப் போகும் ரயில், பாதை வேலையால் அன்று ஓடவில்லை. நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன்.

அங்கே மலையடிவாரத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. ராணுவ ஹெலிகாப்டருக்கு ஜன்னல் செய்து, குண்டைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்ப்பார்கள். தீபாவளிக்குக்கூடக் கம்பி மத்தாப்புக்கு மேல் எதையும் அவள் கையில் கொடுக்காதவன் நான். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் வரை எனக்கு வேறு எதிலும் மனம் போகாது.

அவள் வடிவமைத்த ஜன்னல் அதற்கு முன் இரண்டு முறை தோற்றிருந்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா வேலைய விட்டுட்டு பி.எட். படிக்கப் போறேம்மா" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். துப்பாக்கியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று எனக்கும் மனைவிக்கும் உள்ளூர நிம்மதிதான்.

வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவளுடைய மேலதிகாரி பார்த்துவிட்டார். "இந்தக் காத்துல வண்டி ஓட்டாண்டாம் சார். கேமரா ரூம்ல இருந்து பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி, அனுமதி வாங்கி அழைத்துப் போனார்.

நீண்ட கொட்டகைக்குள் ஆள் யாரும் இல்லை. ஒரு முனையில் தாங்கியில் பொருத்திய துப்பாக்கி, மறுமுனையில் ஜன்னல். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து திரையில் பார்த்தோம். சுடும் பொத்தானை அழுத்தப் போனது என் மகள். அது அவள் வேலை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அவ்வளவு தெளிவாக இருந்த ஜன்னல் விரிசல் விட்டு வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"போட்டும் மக்ளே, இன்னொண்ணு செய்யலாம். பி.எட். ஒண்ணும் வேண்டாம்" என்று அத்தனை பேர் முன்னாலும் விம்மிவிட்டேன்.

மகள் திகைத்துப்போய்த் திரும்பினாள். "என்னத்துக்குப்பா அழுறிய? இனிமேதான பாக்கணும்!"

கண்ணாடி விரிசல் விடத்தான் செய்யுமாம். ஜன்னலுக்குப் பின்னால், ஆள் உட்காரும் இடத்தில், பிரியாணி பொதிவது போன்ற மெல்லிய அலுமினியத் தாளை விரித்திருப்பார்கள். குண்டோ கண்ணாடித் துணுக்கோ பட்டு அதில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் தோல்விதான்.

எல்லாம் பாதுகாப்பு என்று உறுதியான பிறகு அந்தத் தாளைக் கொண்டுவந்தார்கள். மகள் அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்கள். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"நீங்களும் பாருங்க சார், அழுதது நீங்கதான" என்றார் மேலதிகாரி. அறையே சிரித்தது. நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகள் சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

வீட்டில் கதையைக் கேட்ட என் மனைவி, "ஏட்டி, நீ சுட்டது ஜன்னலையா, ஒங்க அப்பாவையா?" என்று கேட்டாள். இன்றுவரை அந்தக் கேலி ஓயவில்லை.

அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு உதறுகிறது, மகளும் அதே வேலைக்குத்தான் போகிறாள். ஆனால் அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது, அவள் தோற்றுவிட்டாள் என்று நான் நினைத்த அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.