பட்டியலில் ஒருவர், வாசலில் ஒருவர்

அமெரிக்காவில் என் கணவருக்கு முதல் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஹிதாயத்துல்லா என்று ஒரே பெயர் இருந்ததால், 'முதல் பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான FNU-வை விசாவில் முன்னால் சேர்த்துவிட்டார்கள். டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே ஏறியது. நியூ ஜெர்சி பார்சிப்பனியில் எங்கள் வீட்டுக்கு 'அன்புள்ள ஃப்னூ' என்று கடிதங்கள் வரும். சிரித்துக்கொண்டே கிழித்துப் போடுவோம். 2004 கோடையில் வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்லாண்டிக் சிட்டி கசினோ ஒன்று அவரை மறுபடி அழைத்திருந்தது.

நான் பிரசவ வலியில் கிடந்தபோது அவர் கசினோவில் சீட்டாடிக்கொண்டிருந்தார். அந்த வெட்கத்தில்தான், எந்தக் கசினோவும் தன்னை உள்ளே விடக்கூடாது என்று அரசு அலுவலகத்தில் அவரே கையெழுத்திட்டார். படிவம் இரண்டு பெயர் கேட்டதால், தன் வாப்பாவின் பெயரான காதரையும் சேர்த்து எழுதியிருந்தார். அதனால் லைசென்ஸில் இருந்த ஃப்னூ அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

கடிதம் வந்த அந்த வாரச் சனிக்கிழமை ஆபீஸ் என்று சொல்லிப் போனவர் மதியம்வரை போனை எடுக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தையோடு இரண்டு மணி நேரம் காரோட்டி, கடிதம் அனுப்பிய கசினோவுக்கே போனேன். கசினோ வாசலிலேயே காவலர் மறித்தார். குழந்தைக்கு அனுமதியில்லையாம். தூரத்து மேசையில் என் கணவரின் முதுகு தெரிந்தது. தடைப் பட்டியலில் உள்ள என் கணவர் உள்ளே இருக்கிறார் என்றேன்.

"லாஸ்ட் நேம்?"

"காதர். அது அவரோட ஃபாதர் பெயர்."

"அப்போ உள்ள இருக்கிறது உங்க மாமனாரா?"

நான் விளக்க விளக்க, காவலர் அப்பா, மகன் என்று இரண்டு ஆட்களைத் தேடினார். குழந்தை வீறிட்டது. அந்த அழுகைக்கு என் கணவர் திரும்பினார், எழுந்து வந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், பரீதா."

"வேணாம். நீங்க யாருன்னு இவர்ட்ட சொல்லுங்க."

அவர் காவலர் பக்கம் திரும்பினார். பிறகு லைசென்ஸை எடுத்து நீட்டி, "அந்த லிஸ்ட்ல இருக்கிற காதர் நான்தான்" என்றார். பட்டியலில் இரண்டு பெயர்களும் ஏறின.

இரண்டே வாரம். வீட்டுக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு லிஸ்ட் இல்லையா?"

"இந்த சைட் எந்த நாட்டுல இருக்குன்னே தெரியல. யார்ட்ட போய் சைன் பண்ண?" அவரே மோடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிடு. நான் கேட்டாலும் தராதே."

இப்போது அது என் ஆபீஸ் டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறுதோறும் காயல்பட்டினத்து பிரௌசிங் சென்டரில், வெப்கேமில் பேரனைப் பார்க்க என் உம்மா காத்திருப்பார். பிறகு போனில், "இன்னுமா நெட் சரியாகல?" என்று கேட்பார்.

"இன்னும் இல்ல உம்மா" என்கிறேன். குழந்தையின் வாயருகே ரிசீவரைப் பிடிக்கிறேன். அவன் மூச்சுவிடும் சத்தத்தை உம்மா அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்.