மருந்தகத்தை மூட வந்த லொறி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் கணவர் சொல்வார். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபம் இல்லாவிட்டால் எங்கள் மருந்தகம் அந்த வருடமே பூட்டுப்பட்டிருக்கும். பிறகு என் மகளின் கதி என்ன என்று யோசிக்கவே எனக்கு விருப்பமில்லை.

பூவரசங்குளத்திலிருந்து உள்ளே பிரியும் மண் ரோட்டில் இருந்தது குளத்தடி. சண்டையில் இடம்பெயர்ந்து வந்தவர்களைக் காடு வெட்டிக் குடியேற்றிய இடம். நான் பரந்தனிலிருந்து ஓடி வந்தவள். பக்கத்து வளவில் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தா. மாதா படத்தையும் ஒரு வலைத்துண்டையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவ. பிறசர்காரி, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவ, வாயும் கொஞ்சம் நீளம்.

மருந்தகம் என்றால் இரண்டு அறையும் தகரக் கூரையும்தான். டாக்டர் கிடையாது. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, காயம் கட்டுவது எல்லாம் அப்போத்திக்கரி ஐயா ஒருவரே. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, முட்டு வருத்தம், ஆஸ்துமா. இழுக்கத் தொடங்கினால் நெஞ்சு குழிவிழும், உதடு நீலமாகிவிடும். தூக்கிக்கொண்டு ஓடினால் பத்து நிமிடத்தில் ஐயாவின் ஊசி கிடைக்கும். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். அவளுடைய மூச்சு பஸ்ஸுக்காகக் காத்து நிற்குமா?

நாலெழுத்துப் படித்தவள் என்று ஐயா என்னைப் பதிவு எழுத இருத்தியிருந்தார். பெயர், வயது, ஊர், வருத்தம். வருகிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவேன். எழுத்து அழகு என்று ஐயா சொன்னால் உச்சி குளிர்ந்துவிடும்.

சண்டை நின்று, பாதை திறந்து, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து, என் பதிவேட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தங்கச்சி, இதின்ரபடி குளத்தடி ஆக்களை விரல்விட்டு எண்ணலாம். மிச்சம் எல்லாம் பரந்தன், முல்லைத்தீவு, கனகராயன்குளம். அங்கையெல்லாம் இப்ப மருந்து எடுக்க இடம் இருக்கு. வெளியூர்ச் சனத்துக்கு இங்கை ஏன் ஒரு மருந்தகம்? அடுத்த கிழமை லொறி வரும். சாமானுகளை அடுக்கி வையுங்கோ."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆயிற்று. ஊர் எது என்று யாரைக் கேட்டாலும் எங்கள் சனம் விட்டு வந்த ஊரைத்தான் சொல்லும். நிவாரணக் கடையில் சொந்த இடம் கேட்டார்கள், கிராம அலுவலரான விதானையார் கேட்டார், சோதனைச் சாவடியிலும் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, நித்திரையில் தட்டி எழுப்பினாலும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். ஏழெட்டு வருடமாகக் குளத்தடித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மருந்துக்கு வந்து நின்று முல்லைத்தீவு என்பார்கள். நானும் மணி மணியாக முல்லைத்தீவு என்று எழுதியிருக்கிறேன்.

அதிகாரி போன பிறகு பதிவேட்டைத் திறந்து என் மகளின் பெயரைத் தேடினேன். ஊர்: பரந்தன். அடி விசரி! அவள் பிறந்தது குளத்தடியில். பரந்தனை அவள் கண்ணாலும் கண்டதில்லை. பெற்ற தாயே அவளை வெளியூர்க்காரி என்று எழுதி வைத்திருக்கிறேன். அன்று என் மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

அடுத்த நாளே வீடு வீடாகப் போனேன். "லொறி வாற அண்டைக்கு எல்லாரும் வாங்கோ. புதுப் பதிவு எழுதுவம். கேட்டால் குளத்தடி எண்டு சொல்லுங்கோ," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் ஏறி விழுந்தா.

"நான் ஏன் சொல்லுவன்? இண்டைக்கு குளத்தடி எண்டு கையெழுத்து வைச்சா, நாளைக்கு கடற்கரை வளவு உனக்கில்லை எண்டுவாங்கள். என்ர மனுசன் கிடக்கிற மண் அது."

"அப்ப என்ர பிள்ளை மூச்சில்லாமச் சாகட்டோ?"

"அப்பிடிச் சொன்னனானே? வாயைக் கழுவு!"

இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று நன்றாகக் கத்தினோம். வீட்டுக்கு வந்து அடுப்பில் பானையை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவ சொன்னதில் பிழை இல்லை. என்னைப் பரந்தன்காரி இல்லை என்று எவனாவது சொன்னால் நான் அவனைச் சும்மா விடுவேனா? பிழை பதிவேட்டில் 'ஊர்' என்ற அந்த ஒற்றைக் கட்டத்தில்தான் இருந்தது. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து அடிமட்டம் வைத்து இரண்டு கட்டம் கீறினேன். ஒன்று சொந்த இடம். மற்றது இப்போது இருக்கும் இடம். முதல் வரியில் மகளின் பெயரை எழுதினேன். இரண்டு கட்டத்திலும் குளத்தடி. பரந்தன் அவளுக்கு இல்லை என்று ஆக்கி எழுதும்போது நெஞ்சு நொந்தது, மறைக்க மாட்டேன்.

லொறி வந்த காலையில் மருந்தக வாசலிலிருந்து குளக்கட்டு வரை சனம். குழந்தைகளை இடுப்பில் வைத்தபடி பெண்கள், சைக்கிளில் புடவை விற்கும் முஸ்லிம் நானா, புண்காலை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். யாரும் கூச்சல் போடவில்லை. வழக்கமான மருந்து வரிசைதான், ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் மேசையைப் போட்டு நான் எழுதினேன். சாமான் ஏற்ற வந்தவர்கள் லொறியின் நிழலில் குந்திவிட்டார்கள்.

"இது என்ன நாடகம்?" என்றார் அதிகாரி.

"நாடகமில்லை ஐயா, மருந்துக்கு வந்த சனம். முடிய ஏத்துங்கோ," என்றேன்.

"எப்ப முடியும்?"

"முடியாது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் கறுத்தது. நேரே அக்காவிடம் போனார். போயும் போயும் அவவிடம்!

"நீங்கள் எந்த ஊர் அம்மா?"

"முல்லைத்தீவு," என்றா அக்கா, கண் வெட்டாமல்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களே தங்கச்சி?"

"பொறுங்கோ, நான் கதைச்சு முடியேல்லை," என்றா அக்கா. "ஊர் முல்லைத்தீவு. செத்தாலும் அதுதான். ஆனா பிறசர் ஏறுறது இங்கை. தலை சுத்தி விழுறது இங்கை. வருத்தம் என்ன, சொந்த இடம் பாத்தே வாறது?"

வரிசை முழுக்க ஓம் ஓம் என்றது. நானா தன் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். "எனக்கும் அப்பிடித்தான் ஐயா. பிறந்த ஊர் ஒண்டு, துரத்தப்பட்டு இருந்த ஊர் ஒண்டு, இப்ப இருக்கிற ஊர் ஒண்டு. வயித்துவலி மூண்டுக்கும் பொது."

நான் கொப்பியைத் தூக்கி அதிகாரியின் கையில் கொடுத்தேன். இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே பெயர். அவர் விரலை வைத்து வரி வரியாகக் கீழே இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை, எங்களைக் கடதாசியில் மட்டும் பார்த்துப் பழகியவர். கடைசியில் குரலைத் தணித்துக் கேட்டார்.

"சரி. நாளைக்குச் சண்டை இல்லையெண்டு எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போனால்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திவிட்டா.

"போகேக்கை நாங்களே பூட்டி, திறப்பை உங்கட கந்தோர் மேசையிலை கொண்டு வந்து வைக்கிறம். அதுவரைக்கும் ஒரு கதிரையிலையும் கை வையாதேங்கோ."

'இப்போதைக்கு மூடுவதில்லை' என்று எழுதித் தந்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார். வாயால் சொன்னதை நம்ப மாட்டேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். லொறி வெறுமையாகக் குலுங்கிக்கொண்டு போனது.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை பஸ் போன கையோடு மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. இடியப்ப உரலை அப்படியே போட்டுவிட்டு அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு குளக்கட்டால் ஓடினேன். காதருகில் அவளுடைய மூச்சு விசிலடித்தது. மருந்தகக் கதவு திறந்திருந்தது. ஐயா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது," என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.